120-ஆ, 180-ஆ? மோட்டார்ஹோமுக்கு எந்த டீசல் இன்ஜின்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் மோட்டார்ஹோம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் அங்குலம் அங்குலமாக விவரித்திருந்தார்கள். இன்ஜினுக்கு வந்தபோது மட்டும் "120 குதிரைத்திறனே தாராளம், அதற்கு மேல் போவது வீண் செலவு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். படுக்கை பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம், அடுப்பையும் மாற்றலாம். இன்ஜின் அப்படியல்ல, வாங்கிய அன்று எது வந்ததோ அதுதான் கடைசிவரை. அதனால் அந்த ஒரு வரிக்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

120 தாராளமா இல்லையா என்பதை வண்டியின் எடை, ஏற்றம், வேகம் மூன்றும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. எடையை டன்னிலும், ஏற்றத்தைச் சதவீதத்திலும் (100 மீட்டர் தூரத்துக்கு எத்தனை மீட்டர் உயர்கிறது என்று), வேகத்தை மணிக்கு எத்தனை கி.மீ. என்றும் எடுத்து மூன்றையும் பெருக்கி 27-ஆல் வகுங்கள். வருவது, வண்டியை மேலே தூக்க மட்டும் சக்கரத்தில் வேண்டிய குதிரைத்திறன். 3.5 டன் வண்டி, 10 சதவீத ஏற்றம், 65 கி.மீ. வேகம் என்றால் 84. இதன் மேல் டயர் உருளும் தடைக்கு 8, காற்றுத் தடைக்கு 14 கூட்டினால் 106, 107 வரும். கியர்பாக்ஸிலும் டிஃபரென்ஷியலிலும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் போய்விடும். ஆக இன்ஜின் தர வேண்டியது 120. அதாவது 120 குதிரைத்திறன் வண்டி, முழு லோடோடு, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்து, அலறிக்கொண்டு ஏறினால் 65-இல் ஏறும். இதே ஏற்றத்தில் 140 இருந்தால் சுமார் 73, 160-க்கு 80, 180-க்கு 87.

ஏற்றம் 5 கி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120-க்கும் 180-க்கும் இடையே மேலே போய்ச் சேரும் நேரத்தில் உள்ள வித்தியாசம் ஒரு நிமிடம் பத்து வினாடி. அவ்வளவுதான். மலை ஏறுவதற்காகவே பெரிய இன்ஜின் வேண்டும் என்று வாதிடுபவர்கள் இந்த எழுபது வினாடியை மறந்துவிடுகிறார்கள். இந்த அளவில் கட்டுரையாளர் பக்கம்தான் நானும்.

ஆனால் அவர் பார்க்காதது சமதளம். சின்ன இன்ஜின் உண்மையில் சோதிக்கப்படுவது நெடுஞ்சாலையில்தான். மோட்டார்ஹோமின் முகம் ஒரு சுவர். இரண்டே கால் மீட்டர் அகலம், மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம். அந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டு 100 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் போகவே 73 குதிரைத்திறன் அளவுக்குச் செலவாகும். எதிர்க்காற்று 30 கி.மீ. வேகத்தில் அடித்தால் இன்னும் 40 சேரும். இப்போது ஆறாவது கியரில் இன்ஜின் 2200 ஆர்.பி.எம்-இல் (நிமிடத்துக்கு 2200 சுற்று) ஓடுகிறது என்று கொள்வோம். 120 என்று விளம்பரத்தில் போட்ட இன்ஜின் அந்த நேரத்தில் 120 தராது. அது 3500 பக்கம் சுற்றும்போது மட்டும் தரும் எண். டார்க்கை, அதாவது இன்ஜின் சுழற்றும் விசையை, ஆர்.பி.எம்-ஆல் பெருக்கி 7000-ஆல் வகுத்தால் அந்தச் சுற்றில் கிடைக்கும் குதிரைத்திறன் தெரியும். 320 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள இன்ஜின் 2200-இல் தருவது 100.

கையில் இருப்பது 100, செலவு 73, மிச்சம் 27. இந்த 27-ஐ வைத்து, கியரைக் குறைக்காமல், வேகமும் குறையாமல் ஏறக்கூடிய ஏற்றம் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. இரண்டு சதவீதம் கண்ணுக்கே தெரியாது, சமதளம் என்றுதான் நினைப்போம். அதில் வண்டி இழுக்காமல் திணறும்; ஐந்தாவதுக்கு வர வேண்டும், மறுபடி ஆறாவது, மறுபடி ஐந்தாவது. அதே 2200-இல் 450 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜின் இருந்தால் 141 கிடைக்கும். நாலரை சதவீதம்வரை கியரைத் தொடவே வேண்டாம். நாள் முழுக்க ஓட்டுபவரின் கை கால் அசதி இங்கேதான் முடிவாகிறது. மலையில் எழுபது வினாடி மிச்சமாவது பெரிதல்ல. நெடுஞ்சாலையில் நூறு முறை கியர் மாற்றாமல் இருப்பதுதான் காசுக்குப் பெறும்.

ஆகவே விளம்பரத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது டார்க், அது எந்த ஆர்.பி.எம்-இல் தொடங்குகிறது என்பது, எந்தக் கியர்பாக்ஸோடு வருகிறது என்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதே இல்லை. உதாரணமாக, மோட்டார்ஹோம் கட்டுவோர் அதிகம் எடுக்கும் ஃபியட் டுகாட்டோ வேனில் 2021-இல் வந்த 2.2 லிட்டர் இன்ஜின் 120, 140, 160, 180 என்று நான்கு அளவில் வந்தது. 180-ஐ ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக்கோடு எடுத்தவர்களுக்குக் கிடைத்த டார்க் 450. அதே 180-ஐ ஆறு கியர் மேனுவலோடு எடுத்தவர்களுக்கு 380. மேனுவல் பெட்டியின் பற்களும் கிளட்சும் தாங்கும் அளவுக்குக் கம்ப்யூட்டரே டார்க்கை அடக்கி வைத்துவிடுகிறது. மேனுவலிலேயே 160-க்கும் அதே 380-தான். அப்படியானால் மேனுவல் 180 வாங்குபவர் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது, மேல் சுற்றில் மட்டும் தெரியும் ஒரு 20 குதிரைத்திறனை. மோட்டார்ஹோமை யாரும் அந்தச் சுற்றில் நாள் முழுக்க ஓட்டமாட்டார்கள். என்னைக் கேட்டால் மேனுவலில் 160-க்கு மேல் போக வேண்டாம். 180 வேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக்கோடு எடுங்கள்.

"எல்லாம் ஒரே 2.2 இன்ஜின்தானே, கம்ப்யூட்டரில் நாலு எண்ணை மாற்றினால் 120-ஐ 180 ஆக்கிவிடலாம்" என்று ஆசை காட்டுபவர்கள் உண்டு. இன்ஜினின் இரும்புக் கட்டை (பிளாக்) ஒன்றாக இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள டர்போ, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கிளட்ச் தட்டு, ஃப்ளைவீல், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் ஆகியவை அளவுக்கு அளவு மாறக்கூடியவை. கூடுதல் டார்க்கை முதலில் தாங்க வேண்டியது கிளட்ச். நாலாவது, ஐந்தாவது கியரில் ஏற்றத்தில் மிதிக்கும்போது ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, வேகமுள் அசையவில்லை என்றால் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வாரண்டியும் காப்பீடும் கேள்விக்குறியாவது தனிக்கதை.

கிளட்ச் என்றதும் இன்னொன்று. மோட்டார்ஹோமின் கிளட்ச் சாலையில் கருகுவதைவிட முகாமில்தான் அதிகம் கருகுகிறது. இரவு தங்குமிடத்தில் வண்டியைச் சமமாக நிறுத்த டயருக்கு அடியில் ஆப்பு வைத்து, ரிவர்ஸில் அதன் மேல் ஏற்றுவார்கள். ஆப்பு பத்து சென்டிமீட்டர்தான், ஆனால் டயருக்கு அது செங்குத்துச் சுவர் மாதிரி. ரிவர்ஸ் கியர் பல வண்டிகளில் முதல் கியர் அளவுக்குத் தாழ்ந்திருக்காது. எனவே கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். வண்டி அதிரும், பிறகு அந்தக் கருகல் வாடை. நாலைந்து முறை இப்படிச் செய்தால் தட்டின் மேல் பளபளப்பு ஏறிவிடும்; அதன் பிறகு ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதெல்லாம் உதறும். இதற்கு 180 வாங்கினாலும் தீர்வில்லை. முதல் கியரும் ரிவர்ஸும் எவ்வளவு தாழ்வு என்பதுதான் கணக்கு. கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக்கில் இந்தத் தொல்லை கிடையாது, எண்ணெயே வழுக்கலைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் "ஆட்டோமேட்டிக்" என்ற பெயரில் வரும் எல்லாமே டார்க் கன்வர்ட்டர் அல்ல. சிலவற்றில் உள்ளே இருப்பது பழைய கிளட்ச்தான், மிதிப்பது மட்டும் மோட்டார். ஆப்பில் ஏற்றும்போது அதுவும் கருகும், மனிதக் காலுக்கு உள்ள நிதானம்கூட அதற்கு இருக்காது. வாங்கும் முன் எந்த வகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முன்சக்கர இழுவை வண்டிகளுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. ஈரமான ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும், முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். பின்னால் சைக்கிள் தாங்கியும் பெரிய டிக்கியும் உள்ள வண்டியில் இது இன்னும் மோசம். அங்கே 50 குதிரைத்திறன் கூடினால் டயர் கூடுதலாகச் சுழலும், வண்டி நகராது.

மைலேஜ் பற்றிய பயத்துக்கும் பெரிய அடிப்படை இல்லை. 90 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழிக்க எத்தனை குதிரைத்திறன் வேண்டுமோ அதைத்தான் இரண்டு இன்ஜினும் தரும். அதே எடை, அதே வேகம், அதே உயரமுள்ள வண்டி என்றால் 140-க்கும் 180-க்கும் டீசல் செலவு ஏறக்குறைய ஒன்றே. கூடுதல் செலவு எப்போது வருகிறது என்றால், இருக்கிறதே என்று 90-இல் போகிறவர் 115-இல் போகும்போது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 90-க்கும் 115-க்கும் இடையே அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும்.

சின்ன இன்ஜினை வைத்துக்கொண்டு மைலேஜுக்காக உயர்ந்த கியரிலேயே முக்க வைப்பவர்கள் வேறு விதத்தில் இழக்கிறார்கள். 1300 ஆர்.பி.எம்-இல் முழுவதும் மிதித்து ஏறும்போது டர்போ போதிய காற்றைத் தள்ளாது, தண்ணீர் பம்பும் மெதுவாகச் சுற்றும், கரி கூடும், புகைபோக்கி வெப்பம் ஏறும். அந்தக் கரி, புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்விலும், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டீசல் துகள் வடிகட்டியிலும் படிகிறது. ஏற்றம் தொடங்கும் முன்பே ஒரு கியர் குறைத்து, 2200 முதல் 2800-க்குள் சுற்ற விட்டு, ஆக்ஸிலரேட்டரில் முக்கால் மிதியோடு ஏறுவதே நல்லது. சத்தம் கூடும், இன்ஜினுக்கு அது கஷ்டமில்லை.

துகள் வடிகட்டி பற்றி ஒரு வார்த்தை. அதில் சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசலைச் செலுத்தி, அந்த இடத்தை 600 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடேற்றும். தடையில்லாமல் கால் மணி நேரம் ஓடினால் வேலை முடிந்துவிடும். பாதியில் அணைத்தால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எண்ணெயில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் குறைந்தால் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். ஏறியிருந்தாலும் அதே அளவு கவலைப்பட வேண்டும். நின்ற இடத்தில் பேட்டரி சார்ஜ் ஏற இன்ஜினை மணிக்கணக்கில் ஐடிலில் விடுவது இந்த வடிகட்டிக்கு நஞ்சு. அதற்குப் பதில் சோலார் தகடு வாங்கினால், போட்ட காசு இந்த வடிகட்டியைக் காப்பதிலேயே திரும்பிவிடும். புகையின் நச்சைக் குறைக்க ஆட்ப்ளூ என்ற திரவம் ஊற்றும் வண்டி என்றால் மாதக்கணக்கில் நிறுத்தும்போது கூடுதல் கவனம் தேவை. அது 32.5 சதவீத யூரியாக் கரைசல், மைனஸ் 11 டிகிரியில் உறையும், வெயிலில் கெடும், சிந்தினால் வெள்ளைப் படிகமாகக் காய்ந்து மூடியையும் நாசிலையும் அடைக்கும்.

இதுவரை சொன்னது மூன்றரை, நாலு டன் வண்டிகளுக்கு. பேருந்து அளவுள்ள, இன்ஜின் பின்னால் வைத்த பெரிய மோட்டார்ஹோம்களில் கேள்வியே வேறு. அங்கே தேர்வு பெரும்பாலும் அமெரிக்க நிறுவனமான கம்மின்ஸின் 6.7 லிட்டருக்கும் 8.9 லிட்டருக்கும் இடையே. முதலாவது 360 குதிரைத்திறன், ஏறத்தாழ 1085 நியூட்டன் மீட்டர் வரை. இரண்டாவது 450 குதிரைத்திறன், ஏறத்தாழ 1695 வரை. பதினாலரை டன் வண்டி 6 சதவீத ஏற்றத்தில் 70 கி.மீ. வேகம் போக, முன்பு சொன்ன கணக்கில் தூக்குவதற்கே 225 வேண்டும். தடைகள், கியர்பாக்ஸ் இழப்பு சேர்த்தால் 330-ஐத் தாண்டும். ரேடியேட்டர் விசிறி முழு வேகத்தில் சுற்றினால் அது மட்டும் 20, 30 குதிரைத்திறனை விழுங்கும். ஆக 360 இங்கே சரிக்குச் சரி. பின்னால் ஒரு காரைக் கட்டி இழுப்பவர் 8.9-க்குப் போவதே சரி.

இரண்டுக்கும் உள்ளே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. 6.7-இல் சிலிண்டர் நேராகக் கட்டையிலேயே குடையப்பட்டது. 8.9-இல் தனி லைனர், அதாவது கட்டைக்குள் செருகிய உருளை; அதன் வெளிப்பக்கத்தைக் கூலன்ட் தொடும். தேய்ந்தால் லைனரை மட்டும் கழற்றி மாற்றலாம், இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலே பெரும்பாலும் முடியும். பதிலுக்கு அது கேட்பது, கூலன்டைச் சரியாகப் பராமரிக்கும் ஒழுக்கம். லைனர் அதிரும்போது அதன் வெளிச்சுவரில் நுண்குமிழ்கள் உண்டாகி வெடிக்கும். அரிப்பைத் தடுக்கும் மருந்து குறைந்த கூலன்டில் அவை இரும்பையே ஊசித் துளையாக அரித்துவிடும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுபவர் 8.9 வாங்கக் கூடாது.

பெரிய வண்டி மலையில் சூடாகிறது என்றால் பாதிப் பேர் தெர்மோஸ்டாட்டை மாற்றுகிறார்கள், மீதிப் பேர் இன்ஜின் சின்னது என்கிறார்கள். முதலில் டார்ச் எடுத்து ரேடியேட்டரின் உள்பக்கத்தைப் பாருங்கள். ரேடியேட்டர் வண்டியின் முதுகில் இருந்தால், சக்கரம் கிளப்பும் தூசி முழுவதும் அதன் மேல்தான் வரும். இன்ஜினின் உள்ளழுத்தத்தை வெளியே விடும் காற்றுக் குழாய் (ப்ரீதர்) துப்பும் எண்ணெய் ஆவி அந்தத் தூசியைப் பசை போல் ஒட்ட வைக்கும். முன்னால் நிற்பது இன்டர்கூலர் என்பதால் கரி, எண்ணெய், புல் மூன்றும் சேர்ந்த கம்பளி போன்ற படலம் அதன் மேல்தான் இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் புதுசு போலத் தெரியும். கிரீஸ் நீக்கும் திரவம் தெளித்து, ஊறவிட்டு, இன்ஜின் பக்கமிருந்து கடைசியில் தெளிந்த நீர் வரும்வரை மெதுவான அழுத்தத்தில் அலச வேண்டும். பிரஷர் பைப்பைக் கிட்டத்தில் பிடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கி, இருந்த காற்றுவழியும் அடைபடும். காற்றுக் குழாயின் வாயை ரேடியேட்டருக்குப் பின்னால் நீட்டிவிட்டால் இந்த வேலை அடிக்கடி வராது. ரேடியேட்டர் பக்கவாட்டில் உள்ள வண்டி கிடைத்தால் 40 குதிரைத்திறனைக் குறைத்துக்கொண்டுகூட அதை எடுக்கலாம்.

இறக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்தப் பதினாலரை டன் வண்டி 6 சதவீத இறக்கத்தில் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் இறங்க, காற்றும் டயரும் தடுப்பது போக இன்னும் 140 குதிரைத்திறன் அளவுக்கு யாராவது தொடர்ந்து பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக் பிடித்தால் பத்து நிமிடத்தில் புகையும். டீசல் இன்ஜினில் காற்றை மறிக்கும் த்ராட்டில் தகடு பெட்ரோல் இன்ஜினைப் போல வேலை செய்வதில்லை. சும்மா காலை எடுத்தால் பிடிப்பு குறைவு. அதனால் 6.7-இல் டர்போவின் புகைவழியைக் குறுக்கிப் புகையை மறிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும், 8.9-இல் வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றும் கம்ப்ரெஷன் பிரேக்கும் வருகின்றன. பின்னது வலுவானது. பெரிய இன்ஜினுக்கு நான் முதலில் சொல்லும் காரணம் ஏற்றமல்ல, இந்தக் கம்ப்ரெஷன் பிரேக். சிறிய வண்டிகளில் பெரும்பாலும் இதெல்லாம் இல்லை. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் அல்லது அதற்கும் ஒன்று கீழே இறங்குவது ஒன்றே வழி. ஆட்டோமேட்டிக்கில் கையால் கியர் பிடித்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கட்டுரையாளரின் 120-ஐ நான் அடியோடு தள்ளவில்லை. 3 டன்னுக்குள் நிற்கும் தாழ்வான வேன், இருவர், 90-க்கு மேல் போகாத ஓட்டுநர் என்றால் அது போதும். உயரமான உடல், 3.5 டன், நால்வர் என்றால் 140-க்குக் கீழே வேண்டாம். நாலு டன்னைத் தாண்டினால், அல்லது பின்னால் எதையாவது இழுத்தால் 180, ஆட்டோமேட்டிக்கோடு. எடை என்பது விளம்பரத் தாளில் உள்ள காலி எடை அல்ல. தண்ணீர் 100 லிட்டர் நிரப்பி, கேஸ் சிலிண்டர், சைக்கிள், சாமான், ஆட்கள் எல்லாரையும் ஏற்றி எடை மேடையில் நிறுத்தி எடுத்த சீட்டு. சோதனை ஓட்டத்துக்குக் காலி வண்டியைக் கொடுத்தால் குறைந்தபட்சம் தண்ணீர்த் தொட்டியையாவது நிரப்பச் சொல்லி, இரண்டு மூன்று சதவீத ஏற்றமுள்ள நெடுஞ்சாலையில் 90-இல் கடைசி கியரில் போட்டுப் பாருங்கள். பிறகு ரிவர்ஸில் ஒரு சாய்தளத்தில் ஏற்றிப் பாருங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி மோட்டார்ஹோம் அறிமுகம் வெளியிடும்போது குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் லோடேற்றிய எடை, டார்க்கும் அது தொடங்கும் ஆர்.பி.எம்-உம், கடைசி கியரில் 100 கி.மீ. வேகத்துக்கு எத்தனை ஆர்.பி.எம். என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து அச்சிடுங்கள். அரை வரி இடம்தான் பிடிக்கும். மேலே சொன்ன கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
டீசல் வண்டி வேலை பார்க்கும் ஒரு வாசகர்